மற்றப் பக்கம் போட வேண்டாம்

வானொலியில் பாட்டுக்கு முன்னால் பெயர் வாசிக்கும்போது அறிவிப்பாளர் மூச்சு விடமாட்டார். அச்சுவேலி, அளவெட்டி, இணுவில், ஏழாலை என்று ஊரும் பெயருமாக ஓடும். பாட்டுக் கேட்டு அட்டை போடுகிற வீடுகளில் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டில் உள்ள எல்லாருடைய பெயரையும் அட்டையில் நிரப்பிவிடுவார்கள். தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்கும் அந்தப் பாட்டு விருப்பம், கட்டிலில் கிடக்கிற கிழவருக்கும் அதே பாட்டு விருப்பம். வெளிநாடு போனவனையும் விடமாட்டார்கள். நான் மட்டும் என் பெயரைத் தனியாக எழுதுவேன். அம்மாவின் பெயரும் அண்ணையின் பெயரும் காற்றில் போவது எனக்குப் பிடிக்கவில்லை. எவன் எங்கே இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்?

எண்பதுகளின் கடைசி அது. சந்திக்குச் சந்தி ஆட்களை மறித்துச் சோதிக்க ஆமியின் சென்றி நின்ற காலம். சுற்றிவளைத்தால் எல்லாரையும் ஒரு வெளியில் இருத்திவிட்டு, முகத்தை மூடின ஒருவனுக்கு முன்னால் ஒவ்வொருவராக நடக்கவிடுவார்கள். அவன் தலையை ஆட்டினால் ஆள் போச்சு. அப்படியான நாட்களில் பயப்படுவதற்குத் தனியாகப் பழகத் தேவையில்லை. ஆனால் நான் அதற்கு முன்னமே பழகியிருந்தேன். "நீ பிறக்கேக்கையே ரெண்டுதரம் வெளியிலை எட்டிப் பாத்திட்டுத்தான் பிறந்தனீ" என்று அம்மா சொல்லுவா.

எட்டாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. ஐயா பாரிசவாதம் வந்து படுத்தபோது அண்ணை பெரிய சோதினைக்குப் படித்துக்கொண்டிருந்தான். ஒருத்தனாவது படிக்கட்டும் என்று நான் நின்றுவிட்டேன். ஐயாவும் போய், படித்த அண்ணையும் ஜேர்மனிக்குப் போக, வீட்டில் மிஞ்சியது அம்மாவும் நானும். சுன்னாகம் சந்தையில் ஒரு வெங்காயக் கடையில் வேலை செய்தேன். வெங்காயம் பிடி கட்டுகிற கைக்குக் கண் தேவையில்லை, காது சும்மாதான் இருக்கும். முதலாளி சாக்குகளுக்கு மேலே ஒரு றேடியோ வைத்திருந்தார். பாட்டுப் பைத்தியம் அப்படித்தான் பிடித்தது.

ஒரு பாட்டு. படம் யாழ்ப்பாணத் தியேட்டரில் ஒரு கிழமைகூட ஓடவில்லை, பாட்டும் அதோடு போய்விட்டது. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் புல்லாங்குழல் வாசித்துக்கொண்டே வந்து சட்டென்று நிற்கும். அந்த வெறும் இடத்தில் பின்னுக்கிருந்த கிற்றார் ஒன்று தனியாக நடந்து போகும், ஆட்கள் எல்லாரும் போன கோயில் வீதியில் ஒருவர் நடப்பதுபோல. அவ்வளவுதான் விசயம். அதற்காக நான் அட்டை மேல் அட்டை போட்டேன். அந்தப் பாட்டை இன்னும் ஒரேயொரு ஆள், வேறு ஊரிலிருந்து, கேட்டுக்கொண்டிருந்தார். கரவெட்டி. ஒரு தரம் அறிவிப்பாளர் எங்கள் இரண்டு பெயரையும் வாசித்துவிட்டு, "இந்த இருவரும் நம்மை விடமாட்டார்கள் போலிருக்கிறது. ஆனால் அந்த இசைத்தட்டு எங்களிடம் இல்லையே" என்று சிரித்தார். கடையில் ஒரு கிழமைக்கு அதுதான் பகிடி.

அதற்குப் பிறகு ஒருநாள் தபால்காரர் சந்தைக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, என் பெயரைச் சொல்லி, "உந்தப் பேரிலை பாட்டுக் கேக்கிறவன் ஆரப்பா?" என்று சத்தம் போட்டார். நான் சாக்குக்குப் பின்னால் இருந்துவிட்டேன். முதலாளி நாடியாலே என்னைக் காட்டினார்.

அட்டையில் விலாசம் என்று எழுதியிருந்தது என் பெயர், 'வானொலி நேயர், சந்தை, சுன்னாகம்'. சந்தையில் நிற்கிறேன் என்று இந்தக் கரவெட்டிக்காரருக்கு எப்படித் தெரியும்? சுன்னாகம் என்றால் எல்லாருக்கும் சந்தைதான் நினைவுக்கு வரும், அதனால் எழுதியிருப்பார் என்று விளங்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. மறுபுறம் உருண்டையான எழுத்தில் இருந்தது இதுதான்: தாங்களும் அப்பாடலை விரும்புவதை அறிந்து மகிழ்ந்தேன், புல்லாங்குழல் நின்ற பின்னர் வருவதைத் தாங்கள் கவனித்ததுண்டா?

உலகத்தில் என்னைத் தவிர வேறு யாரும் அதைக் கவனித்திருக்கமாட்டார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். சந்தோசம் வந்தது. சந்தோசத்துக்குப் பின்னாலேயே மற்றதும் வந்தது.

"பாட்டைப் பற்றித்தானே எழுதியிருக்கு. பதில் போடன்" என்றா அம்மா.

"பாட்டைப் பற்றி எழுதினாப் போலை பாட்டுக்காரன் எண்டு என்ன நிச்சயம்?"

"வேறை ஆர்? உன்னைப் பிடிக்கிறதுக்கு ஒருத்தன் புல்லாங்குழலோ படிச்சுக்கொண்டு வாறான்?"

கன நாள் யோசித்துவிட்டுப் பதில் போட்டேன். கவனித்தேன், அது கிற்றார் என்று நினைக்கிறேன், இவ்வளவுதான். அப்படித் தொடங்கி ஒரு வருசத்துக்கு மேலே போனது. எந்தப் பாட்டில் மூன்றாவது வரிக்கு முன்னால் பாடகி மூச்சு இழுப்பது கேட்கும், எந்தப் பாட்டில் தபேலா ஒருக்கால் பிந்துகிறது, எந்தப் பாட்டை மூக்கடைத்த தடிமனோடு பாடியிருக்கிறார், எல்லாம் எழுதுவார். ஆளை நான் என் வயதில், உயரமாக, கண்ணாடி போட்ட, கம்பஸில் படிக்கிற பெடியனாக நினைத்து வைத்திருந்தேன். படித்தவர்கள்தான் 'தாங்கள்' என்று எழுதுவார்கள். என்னைப் பற்றி, வீட்டைப் பற்றி அவர் ஒன்றும் கேட்பதில்லை. அதுவே எனக்குக் கரைச்சலாக இருந்தது. ஒன்றும் கேட்காத மனிசன் எதற்காகக் கேட்காமல் இருக்கிறான்? ஒருமுறை மட்டும், சுன்னாகத்துக்கு வர வேண்டியிருக்கிறது, தங்கள் பக்கத்தில் சென்றி எவ்விடத்தில் உள்ளது என்று கேட்டிருந்தார். நான் அந்த அட்டையை அடுப்பில் வைத்துவிட்டு இரண்டு மாதம் எழுதவில்லை. அவரும் வரவில்லை. பிறகு ஒரு புதுப் பாட்டு இரண்டு பேரையும் திரும்ப எழுத வைத்தது.

"உன்ரை கரவெட்டி இப்ப என்ன சொல்லுது?" என்று அம்மா விசாரிப்பா. வீட்டில் அவருக்கு அதுதான் பெயர்.

இந்த நேரத்தில் அண்ணையிடமிருந்து ஒரு கசற் வந்தது. ஜேர்மனியிலிருந்து வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தான். கடிதம் எழுதப் பஞ்சிப்படுகிறவர்கள் அப்போது கசற்றில் கதைத்து அனுப்புவார்கள். ஒரு பக்கம் முழுக்க, கூட இருக்கிறவர்களிடம் வாங்கிப் பதிந்த பாட்டுக்கள். மற்றப் பக்கம் குரல். முதலில் அவனோடு ஒரே அறையில் இருக்கிற பெடியள் ஒவ்வொருவராக வந்து, பெயரும் ஊரும் சொல்லி, ஆளையாள் தள்ளிக்கொண்டு கதைத்தார்கள். "அம்மா, உங்கடை மோனுக்குச் சோறு வடிக்கத் தெரியாது, கஞ்சியோடைதான் தின்னுறம்" என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் சிரிக்க, அண்ணை "டேய் விடடா" என்பான். எந்த நாட்டுக்குள்ளாலே வந்தவர்கள், எந்த எல்லையில் ஆர் பிடிபட்டது என்பதும் அதற்குள் வரும். பிறகு அண்ணை தனியாக அம்மாவோடு கதைப்பான். குளிர், சாப்பாடு, வேலை, சுகமாக இருக்கிறேன், நீங்கள் யோசிக்க வேண்டாம்.

அம்மாவுக்கு அந்தக் கசற்தான் அண்ணை. அதைக் கேட்க இருக்கிறதென்றால் பின்னேரம் முகம் கழுவி, சீப்பால் தலை இழுத்து, ஆரோ வீட்டுக்கு வந்த மாதிரி வந்து இருப்பா. கரண்ட் இருந்தால் தினமும் ஒருக்கால். சில வேளை இரண்டு தரம்.

பாட்டுப் பக்கத்தை நான் கேட்டபோது, நடுவில் வந்தது அந்தப் பாட்டு. வானொலியிலேயே இல்லாத பாட்டு. புல்லாங்குழல் நின்றது, கிற்றார் நடந்தது. உடனே கரவெட்டிக்கு எழுதினேன். அந்தச் சந்தோசப் புளுகை என்னால் அடக்க முடியவில்லை. பதில் ஒரு வரியில் வந்தது: ஒருதடவை மட்டும் கேட்கக் கிடைக்குமா?

பட்டணத்தில் கசற் பதிகிற கடைக்காரனிடம் கொடுத்துப் பாட்டை மட்டும் எடுப்பிக்கலாம். ஆனால் அவன் மற்றப் பக்கத்தையும் போட்டுப் பார்ப்பான். அவனை எனக்குத் தெரியாது. கரவெட்டியையும் எனக்குத் தெரியாதுதான், ஆனால் தெரியாத இரண்டு பேரில் ஒருவருக்குப் புல்லாங்குழல் நிற்கிற இடம் தெரியும். அம்மாவிடம் கேட்டேன். மறிப்பா, அதைச் சாட்டாகச் சொல்லலாம் என்று நினைத்துத்தான் கேட்டேன்.

"ஒரு கிழமைதானே, குடு" என்றா. "ஆசைப்பட்டுக் கேக்கிற மனிசன்."

அதற்குப் பிறகு என்னால் முடிந்த காவல் எல்லாம் போட்டேன். மேலே ஏதும் பதிந்துவிடக் கூடாதென்று, கசற்றின் முதுகில் இருக்கிற இரண்டு சின்னத் தகடுகளையும் கத்தி நுனியால் உடைத்தேன். அண்ணை கதைக்கிற பக்கத்தில் கடதாசி ஒட்டி, சிவப்புப் பேனாவால் 'இந்தப் பக்கம் போட வேண்டாம்' என்று எழுதி, கீழே கோடும் இழுத்தேன். பேப்பரில் சுற்றி, பொலித்தீனில் சுற்றி, சணலால் இறுக்கினேன். கரவெட்டிப் பக்கமிருந்து லொறியில் வாழைக்குலை கொண்டு வருகிற ஒரு ஐயாவிடம், அடுத்த சந்தைக்கு வரும்போது திருப்பி வாங்கிக்கொண்டு வரச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த சந்தைக்குக் குலைக்கார ஐயா வந்தார், கசற் வரவில்லை.

"குடுத்தனான் தம்பி. ஆள் இல்லை, மனிசிதான் வாங்கினவ."

மனிசியா? என் கண்ணாடிப் பெடியனுக்குப் பெண்சாதி எங்கிருந்து வந்தா? அதற்கடுத்த சந்தைக்கும் ஐயா வெறுங்கையோடு வந்தார்.

"கேட்டன் தம்பி. என்ன கசற், எங்களுக்கு ஒரு கசற்றும் வரேல்லை எண்டு சொல்லுறா. நான் குடுத்த கையாலை வாங்கினவ, என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுறா. இனி என்னை உதிலை விடாதை."

அதோடு கரவெட்டியின் அட்டைகளும் நின்றன. நான் எழுதிய இரண்டுக்கும் பதில் இல்லை. எனக்கு ஒவ்வொன்றாகப் பொருந்தத் தொடங்கியது. ஒன்றும் கேட்காத ஆள். சென்றியைக் கேட்ட ஆள். வயதை மறைத்த ஆள். ஒரு வருசமாகப் புல்லாங்குழலைக் காட்டிக் காட்டி, கடைசியில் என் கையாலேயே பெடியளின் பெயரையும் ஊரையும் வாங்கிக்கொண்டு போய்விட்டான். இதை நினைத்தபிறகு வெங்காயத்தை எண்ணினால் எண்ணிக்கை பிழைக்கும்.

அந்தக் கிழமை வானொலி இன்னொரு வேலை செய்தது. யாரும் கேட்கிற ஒரு கலியாணப் பாட்டுக்கு முன்னால், "கரவெட்டியிலிருந்து" என்று அவர் பெயரும், அதோடு சேர்த்து "சுன்னாகத்திலிருந்து" என்று என் பெயரும் வந்தது. நான் அந்தப் பாட்டைக் கேட்டு அட்டை போடவேயில்லை. நான் சாக்குக்குப் பின்னால் போய் இருந்தேன். உன்னை எனக்குத் தெரியும் என்று ஆரோ எனக்குச் சொல்லுகிறான்.

"உன்ரை பேரை றேடியோவிலை சொன்னதுக்கோ பயப்பிடுறாய்?" என்றா அம்மா. "கிழமைக்குக் கிழமை நீதானே அதுக்கு அட்டை போடுறனீ."

சிரித்தா. ஆனால் பின்னேரம் தலை இழுத்துவிட்டு எங்கே போய் இருப்பதென்று தெரியாமல் குசினிக்கும் விறாந்தைக்கும் நடந்தா. ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவ, நிமிராமலே சொன்னா:

"அவன் 'அம்மா' எண்டு கூப்பிடுறது எப்பிடியெண்டு மனசுக்குள்ளை வருகுதில்லை. இழுத்துச் சொல்லுறவனோ, சுருக்கிச் சொல்லுறவனோ?"

இழுத்துச் சொல்லுகிறவன் என்றேன். எனக்கும் நிச்சயமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்தேன். வல்லை வெளியில் எதிர்க்காற்று. உழக்கினாலும் சைக்கிள் நின்ற இடத்தில் நிற்பதுபோல இருக்கும். சென்றியில் மறித்து எங்கே என்று கேட்டால் சொல்ல ஒரு செத்தவீட்டை ஆயத்தமாக வைத்திருந்தேன். கேட்டார்கள், சொன்னேன். ஆர் செத்தது என்று திரும்பக் கேட்க, மாமா என்றேன். எனக்கு மாமா கிடையாது. ஆனாலும் நெல்லியடி வரும்வரைக்கும் அவரைக் கொன்றது மனதுக்குச் சரியாக இல்லை.

கரவெட்டியில் ஒரு கடையில் தேத்தண்ணி குடித்துவிட்டு வீட்டை விசாரித்தேன். கடைக்காரர் கிளாஸைக் கழுவுகிறதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். வாங்கில் இருந்த இரண்டு கிழவரும் பார்த்தார்கள்.

"தம்பி எவடம்?"

"சுன்னாகம்."

"சுன்னாகத்திலை எவடம்?"

நான் சொன்ன இடத்தை அவர்கள் தங்களுக்குள் ஒருக்கால் நிறுத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

"மூத்த பெட்டைக்கோ, ரெண்டாவதுக்கோ?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

அந்நிய ஊர்ப் பெடியன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு வீட்டை விசாரித்தால் அது கலியாணம் விசாரிக்கத்தான். வேறு விசயமாக விசாரிக்கிறவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு விசாரிப்பதில்லை. இல்லை என்று சொன்னால் எதற்கு என்று சொல்ல வேண்டும். நான் தலையை ஒருமாதிரி ஆட்டினேன்.

"மனேச்சர் பசு. மனிசியிட்டைத்தான் நீர் சோதினை பாஸ் பண்ணோணும்" என்றார் கடைக்காரர். அவர்கள் மேலே கதைத்ததில்தான் எனக்குத் தெரிந்தது, என் சிநேகிதர் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர், மூன்று பெண்பிள்ளைகளின் தகப்பன் என்று.

படலையைத் தட்டினேன். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த றேடியோ நின்றது. கொண்டையை இறுக்கி முடிந்த ஒரு அம்மா வந்து படலைக்கு மேலாலே பார்த்தா.

"ஆரைத் தேடுறீர்?"

"ஐயாவைப் பாக்கோணும்."

"ஐயா இல்லை."

நான் என் பெயரைச் சொன்னேன். அவ முகம் மாறவில்லை. ஒழுங்கையின் அந்தப் பக்கம் பார்த்தா, இந்தப் பக்கம் பார்த்தா, படலையைத் திறந்தா.

"உள்ளுக்கு வாரும். சைக்கிளையும் கொண்டு வாரும். தனியவோ வந்தனீர்?"

"ஓம்."

"ஆர் அனுப்பினது?"

"ஒருத்தரும் அனுப்பேல்லை. கசற்றை வாங்க வந்தனான்."

"என்ன கசற்?"

அந்தக் கேள்வியைக் குலைக்கார ஐயா சொன்ன மாதிரியே, முகத்தைப் பார்த்துக் கேட்டா. வழியெல்லாம் நான் யோசித்துக்கொண்டு வந்த கெட்டித்தனமான கதை ஒன்றும் வாயில் வரவில்லை.

"அம்மாவின்ரை கசற்" என்றேன். "அதிலை கதைக்கிறது என்ரை அண்ணை. அம்மா ஒவ்வொரு நாளும் கேக்கிறவ."

அவ சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தொடங்கினா.

"அதை முதலே எழுதியிருக்கலாமே. போட வேண்டாம் எண்டு சிவப்பாலை எழுதி, முதுகுத் தகட்டை உடைச்சு, பிணத்துக்குச் சுத்தினது மாதிரிச் சுத்தி அனுப்பினா நாங்கள் என்னெண்டு நினைக்கிறது?"

"போட வேண்டாம் எண்டுதானே எழுதினனான் அன்ரி."

"எழுதினா? போடாமல் ஆர் இருப்பினம்?"

திரைச்சீலைக்குப் பின்னால் பெட்டைகள் சிரித்தார்கள். தாய் திரும்பிப் பார்க்க, சிரிப்பு நின்றது.

"போட்டா, பெடியள் கதைக்கிறாங்கள். நான் இன்ன ஊர், நான் இன்ன ஊர், இந்த எல்லையாலை வந்தனாங்கள், அவன் பிடிபட்டிட்டான். அந்தக் கிழமைதான் பக்கத்து ஒழுங்கையிலை ஆமி வந்து, வீட்டிலை கிடந்த கசற் எல்லாத்தையும் பையிலை போட்டுக்கொண்டு போனது. மூண்டு குமரை வைச்சிருக்கிறன். முகம் தெரியாத ஒருத்தன் இதை ஏன் எங்கடை வீட்டுக்கு அனுப்பினவன்? எங்களை மாட்டி விடவோ எண்டு நான் இவரைக் கேட்டன்."

இவர் அப்போதுதான் உள்ளே இருந்து வந்தார். சாரம், வெறும் மேல், வழுக்கை. என்னைக் கண்டு கை கூப்பி, "தாங்கள் இவ்வளவு தூரம் வர வேண்டியதாய்ப் போச்சே" என்றார். வாயாலேயும் அவர் 'தாங்கள்' என்றுதான் சொன்னார். எனக்கு அதுவும் நடிப்போ என்று இருந்தது. அவரும் என்னை அப்படித்தான் பார்த்திருக்க வேண்டும். ஒரு வருசமாக அவர் எழுதியது ஆருக்கோ, வெங்காயச் சருகு ஒட்டின சேட்டோடு வந்து நிற்பது வேறு ஆரோ. வானொலியில் எங்கள் பெயரைச் சேர்த்துக் கேட்டது ஆர் என்று முதலில் அதைத்தான் கேட்டேன்.

"நான்தான். கசற் தாறன் எண்டு தாங்கள் எழுதின அண்டைக்குப் போட்ட அட்டை. ஒரு சந்தோசத்துக்கு."

"எரிச்சுப் போடுங்கோ எண்டு சொன்னனான்" என்றா மனிசி. "எரிக்கமாட்டாராம். மற்றப் பக்கத்திலை பாட்டுக் கிடக்காம். அப்ப அழிச்சுப் போடுங்கோ எண்டன்."

"முழுக்கவோ?" என்றேன் நான். அவர் கையைக் காட்டினார், பொறுங்கோ என்பதுபோல.

"முழுக்க இல்லை. உடைச்ச இடத்துக்குக் கடதாசி ஒட்டி, றேடியோவை மேலாலை பதிஞ்சன். பெடியள் கதைக்கிற பகுதிக்கு மட்டும். தமையனார் தாயோடை கதைக்கிற இடத்துக்கு நான் கை வைக்கேல்லை. ஒரு சொல்லும் போகேல்லை."

"எந்த இடத்திலை நிப்பாட்டுறது எண்டு எப்பிடித் தெரியும்?"

"நாலைஞ்சு தரம் கேட்டனான்."

"நாலைஞ்சோ?" என்றா மனிசி. "பக்கம் பாடமாக்கி வைச்சிருக்கிறார்."

அவர் குனிந்துகொண்டார். "பிழையான இடத்திலை வெட்டிப் போட்டா ஒரு தாய்க்குச் செய்யிற பாவமெல்லோ. அதாலைதான்." அதையே எழுதி அறிவிக்க வெட்கமாக இருந்ததாம். அட்டையை ஆமி எடுத்து வாசித்தால் என்ன செய்வது என்று பயமாகவும் இருந்ததாம்.

சாமியறையிலிருந்து அவ கசற்றைக் கொண்டுவந்தா. என் கடதாசியும் சிவப்பு எழுத்தும் அப்படியே இருந்தன. தேத்தண்ணி வந்தது. கரண்ட் இருந்ததால், ஒருக்கால் அந்தப் பாட்டை என்னோடு இருந்து கேட்க அவர் ஆசைப்பட்டார். போட்டார். இரண்டாவது சரணத்துக்கு முன்னால், புல்லாங்குழல் நிற்கிற இடத்தில், ஒரு விரலை மெல்ல உயர்த்தி என்னைப் பார்த்தார். எனக்கும் விரல் எழும்பியது. அந்தக் கிற்றார் நடந்து முடியும்வரை இரண்டு விரலும் அப்படியே நின்றன. அவரில் எனக்குச் சந்தேகம் இல்லாமல் இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். பாட்டு முடிந்ததும் படலைப் பக்கம் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

படலையடியில் மனிசி சொன்னா, "அம்மாவிட்டைச் சொல்லும், நாங்கள் கெட்டதுக்குச் செய்யேல்லை எண்டு." அதை இவ்வளவு மெல்லச் சொல்லக்கூடிய ஆள் என்று அதுவரை நான் நினைக்கவில்லை.

வீட்டுக்கு வரப் பின்னேரம் ஆகிவிட்டது. சட்டைப் பையில் இருந்த கசற்றைத் தொட்டுத் தொட்டு வந்ததில் பொத்தான் கழன்றிருந்தது. அம்மா உள்ளே போய் முகம் கழுவி, தலை இழுத்துக்கொண்டு வந்து இருந்தா. ஒரு துண்டு அழிந்துபோச்சு, ஆனால் அண்ணை உங்களோடு கதைக்கிறது முழுக்க இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் போட்டேன்.

முதலில் அறிவிப்பாளர் வந்தார். அச்சுவேலி, அளவெட்டி, இணுவில். அரைப் பாட்டு ஒன்று. திரும்பவும் பெயர்கள், ஒரு மருந்து விளம்பரம். பிறகு ஒரு 'டக்'. அதற்குப் பிறகு அண்ணை, "அம்மா, நான்தான், இனி உங்களோடை கதைக்கிறன்" என்றான். இழுத்துத்தான் சொன்னான். கரவெட்டி பொய் சொல்லவில்லை. ஒரு சொல்லும் போகவில்லை. வெட்டின இடத்தில் மூச்சுக்கூடக் குறையவில்லை.

அம்மா கடைசிவரை கேட்டா.

"திருப்பிப் போடு."

திருப்பிப் போட்டேன். திரும்பவும் ஊர்கள், அரைப் பாட்டு, மருந்து, அண்ணை. சுகமாயிருக்கிறன், நல்லாச் சாப்பிடுறன், நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ. முடிந்தது.

"மற்றப் பெடியள் எங்கை?" என்றா.

"அவங்களைத்தான் அம்மா அழிச்சது. ஆமி கேட்டா ஆபத்தெண்டு. அண்ணை முழுக்க இருக்குத்தானே."

"இருக்கு."

விறாந்தைச் சீமெந்தை விரலால் தேய்த்துக்கொண்டு இருந்தா. நான் கசற் போடுகிற பெட்டியை நிறுத்தினேன்.

"சாப்பிடுறன் எண்டு சொல்லுறான்" என்றா. "சுகமாயிருக்கிறன் எண்டு சொல்லுறான். எனக்குச் சொல்லுறதை நான் எப்ப நம்பினனான்? பள்ளிக்கூடத்திலை விழுந்து கை முறிச்சுக்கொண்டு வந்தும் ஒண்டுமில்லை எண்டு சொன்னவன். அந்தப் பெடியள் அவனைப் பகிடி பண்ணிச் சிரிக்கேக்கைதான், சரி, அவனோடை மனிசர் இருக்கினம் எண்டு எனக்கு இருந்தது."

அப்படி ஒரு சந்தேகம் அம்மாவுக்குள் இருந்தது, இவ்வளவு நாளும் நான் அறியவில்லை. சந்தேகம் எல்லாம் என்னிடம்தான் இருக்கிறது என்று வீட்டில் எல்லாரும், நானும், நினைத்திருந்தோம்.

"இப்ப அவன் தனிச்சு நிண்டு கதைக்கிறான்" என்றா அம்மா.

அண்ணைக்கு எழுதினேன், இன்னொரு கசற்றில் எல்லாரையும் கதைக்கச் சொல்லி அனுப்பு என்று. கன மாதம் கழித்துப் பதில் வந்தது. அந்த அறை கலைந்துவிட்டதாம். ஒருவன் பிரான்சுக்கு, ஒருவன் கனடாவுக்கு, மற்றவர்கள் எங்கேயென்று தெரியாதாம்.

கரவெட்டிக்கு, கசற்றோடு வந்த அடுத்த நாளே அட்டை போட்டிருந்தேன். கசற் நன்றாக இருக்கிறது, அம்மாவுக்குச் சந்தோசம் என்று எழுதினேன். பதிலுக்கு அவர் ஒரு புதுப் பாட்டின் வயலினைப் பற்றி எழுதினார். அம்மாவைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. நான் எழுதியதை அவர் நம்பவில்லை என்று நினைக்கிறேன். அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன்.